பத்துக்கு இரண்டு

இரங்கல் கூட்டத்தில் இப்படி விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கோபம் வரவில்லை. போனவரை நினைத்து நாலு பேர் சிரித்தால் நல்லதுதானே என்று முன்வரிசை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவருக்கு வீடுவீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. அதனால் திரைப்படச் சங்கத்தில் அவருக்குப் பெயரே 'மீட்டர்'தான். சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் என்றால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம். போஸ்டரில் ஒரு விண்கலம் தெரிந்தால் போதும், முதல் காட்சிக்கு முதல் ஆளாக நிற்பார். பார்த்த படத்துக்கெல்லாம் ஒரு நீல நோட்டில் மார்க் போட்டு வைப்பார்.

அந்த நோட்டைச் சின்னப் புத்தகமாகப் போடச் சங்கத்துக்கு ஆசை. கேட்டார்கள், அவளும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். செயலாளரான பல் டாக்டர் அதைத்தான் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இதைப் படிச்சதே இல்லையா அண்ணி?"

"அவர் எழுதுறதை நான் தொட மாட்டேன் தம்பி. படம் பார்த்துட்டு வந்தா மனுஷன் வாயே திறக்க மாட்டார். நேரா நோட்டை எடுத்துட்டு உக்காந்துடுவார். அப்படி என்னதான் எழுதினார்னு கேக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

முப்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த மனிதருக்கு எதில் சந்தோஷம் என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. கேட்டால் "ம்" என்பார். இன்றைக்காவது தெரிந்துவிடாதா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

டாக்டர் 'மிகவும் பிடித்தவை' என்ற பக்கத்தைப் புரட்டினார். "கேளுங்க, கேளுங்க. 'நிலவுப் பல்லியின் பழி'. பத்துக்கு ஒன்பதரை!"

அறையே அதிர்ந்தது. ரப்பர் பல்லியின் வயிற்றில் ஜிப் பளிச்சென்று தெரியுமே என்று ஒருவர் எழுந்து நின்று ஞாபகப்படுத்தினார்.

"'மனசு லேசாக இருந்தது. இடைவேளை முடிந்ததும், இன்னும் பாதிப் படம் இருக்கிறதே என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன்.' யோவ் மீட்டர், உனக்கே இது அடுக்குமா?" டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பார்த்தீங்களா அண்ணி?"

"இல்லையே."

"தப்பிச்சீங்க!"

அவளும் சிரித்துவிட்டாள்.

"சரி, இப்ப 'அறவே பிடிக்காதவை'. மொத்தம் ஒன்பது படம்." பக்கத்தைப் பார்த்ததும் டாக்டரின் குரல் இறங்கியது. "'கடைசி விண்மீன்காரன்'. பத்துக்கு ரெண்டு."

யாரும் சிரிக்கவில்லை. சங்கமே எழுந்து நின்று கைதட்டிய படம் அது.

"அந்தக் கிழவர் தனியா உக்காந்து பூமிக்குக் கடுதாசி எழுதிக்கிட்டே இருப்பாரே, அதுதானே தம்பி? நல்லாத்தானே இருக்கும்? பேப்பர்லகூடப் பிரமாதம்னு போட்டிருந்தாங்களே."

"அதேதான் அண்ணி. அதுக்குப் போய், 'மூச்சு முட்டியது. எப்போது வெளியே விடுவார்கள் என்று இருந்தது'ன்னு எழுதி வச்சிருக்கார். மொத்தமே ஒன்றரை மணி நேரப் படம் அண்ணி அது!"

அடுத்தது 'உப்புக் கிரகம்'. அதற்கும் இரண்டு. 'திரையைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன்' என்று ஒரே வரி. அதற்கடுத்தது 'இருமுறை பிறந்த நகரம்'. அதற்கு ஒன்றரைதான். 'தலைவலி. படத்தைவிட வீட்டுக்குத் திரும்பும் வழி நீளம்.'

இப்படியே ஒன்பதும். எல்லாமே பேர் வாங்கிய படங்கள். டாக்டர் வாசிக்க வாசிக்க அவள் கைக்குட்டையை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், பிறகு மடிக்க இடமில்லாமல் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"ஆள் நம்மளை வச்சு நல்லா விளையாடியிருக்கார்" என்றார் டாக்டர்.

புத்தகம் அச்சடித்துத் தரவிருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "விளையாட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதையோ நெனச்சுக்கிட்டு எதையோ எழுதிட்டார். மீட்டரைத் தப்பாப் பார்த்து எழுதுறதில்லையா, அந்த மாதிரி."

"அவர் தப்பா எழுதினார்னு ஆபீஸ்ல ஒருத்தர்கூடச் சொன்னதில்ல" என்றாள் அவள். குரல் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

"அண்ணி," கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "இதை அப்படியே போட்டா அண்ணனுக்கு ரசனையே இல்லன்னு ஊர் சிரிக்கும். மேல இருக்கிறதைக் கீழ, கீழ இருக்கிறதை மேல போட்டுடுவோம். இந்த ஒன்பது படத்துக்கும் ஒன்பதரை குடுத்துட்டா விஷயம் முடிஞ்சுது. செத்த மனுஷன் பேர் கெடக் கூடாது பாருங்க. மாத்திடலாமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நல்ல யோசனைதான் என்று ரெண்டு மூன்று தலைகள் ஆடின.

அவள் எழுந்துபோய் நோட்டைக் கேட்டு வாங்கினாள். அந்த ஒன்பது பெயர்களையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது, இத்தனை பேர் எதிரில்.

"வேணாம் தம்பி, அவர் சரியாத்தான் மார்க் போட்டிருக்கார்" என்றாள். "நல்ல படமாப் பாத்துப் பாத்து, நானும் அவர்கூடப் போனது இந்த ஒன்பதுக்குத்தான்."