எண்ணெயில் திரும்பும் பந்து

"அக்கா, உங்கடை எறியிலை பிழையில்லை. எண்ணெய்தான் உங்களைத் தோற்கடிக்குது."

ஜெனிற்றா இதைச் சொன்னபோது ரஞ்சினி துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் யாழ்ப்பாண நகரின் பௌலிங் மண்டபத்தில் அன்று வடமாகாணப் போட்டியின் கடைசி நாள். இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்துக் கூடிய புள்ளி எடுப்பவர், கொழும்பில் நடக்கும் தேசிய அணித் தெரிவுக்குப் போகலாம். முதல் ஆட்டம் முடிந்திருந்தது. சுன்னாகத்திலிருந்து வந்த வங்கி அதிகாரி வசந்தினி நன்றாகவே முந்தியிருந்தாள்.

ரஞ்சினி கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு ஆசிரியை. வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இதை விட்டால் இன்னொரு சந்தர்ப்பம் வரும் என்று அவள் நினைக்கவில்லை. மற்ற நாட்களில் அவள் விடும் பந்து அழகாக வளைந்துபோய்ப் பின்களைச் சரிக்கும். இன்று போட்டிக்கென்று பந்து ஓடும் பலகைத் தளமான லேனில் புதிதாக எண்ணெய் பூசியிருந்தார்கள். பந்து வளையவே மாட்டேன் என்றது.

ஜெனிற்றா கனடாவில் பிறந்த பெண். கொஞ்ச நாட்களுக்கு முன்புதான் விடுமுறைக்கு வந்திருந்தாள். மண்டபத்துக்கு வந்த முதல்நாளே ரஞ்சினியின் பக்கத்தில் உட்கார்ந்து கதை கொடுத்தாள். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வந்தாள். சின்ன வயதில் ரஞ்சினிக்கு என்ன விருப்பம், அம்மா சுகமாக இருக்கிறாவா, இன்னமும் தைக்கிறாவா என்று கேள்விக்கு மேல் கேள்வி கேட்டாள். ரஞ்சினிக்கு முதலில் அலுப்பாகத்தான் இருந்தது. ஊர் பார்க்க வந்த பிள்ளை, எல்லாம் அறிய ஆசைப்படுகிறது என்று விட்டுவிட்டாள். போகப்போக, அவள் வரச் சுணங்கினால் வாசலைப் பார்க்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

இப்போது ஜெனிற்றா தன் பையைத் திறந்து கருநீலப் பந்தொன்றை எடுத்து நீட்டினாள்.

ரஞ்சினி கையை நீட்டவில்லை. தாய் தேவகுமாரி தனியாகத் தையல் மெசின் மிதித்து வளர்த்த பிள்ளை அவள். யார் எதைத் தந்தாலும் வேண்டாம் என்றுதான் முதலில் வாயில் வரும். இன்றும் அதையே சொன்னாள்.

"தரேல்லை அக்கா. இந்த ஒரு ஆட்டத்துக்குப் பாவியுங்கோ" என்றாள் ஜெனிற்றா. "நீங்கள் விடுறது மண்டபத்துப் பிளாஸ்ரிக் பந்து. அது எண்ணெயிலை வழுக்கி நேரே போயிடும். இதின்ரை மேல்தோல் எண்ணெயை உறிஞ்சும். முன்னுக்கு வழுக்கினாலும், எண்ணெய் முடியிற இடத்திலை தரையைப் பிடிச்சு உள்ளுக்குத் திரும்பும்."

"உமக்கு உதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

"அப்பா. ரொறன்ரோவிலை இப்பிடியொரு மண்டபத்திலைதான் வேலை. லேனுக்கு எண்ணெய் பூசுறதே அவர்தான்."

இரண்டாவது ஆட்டத்துக்கு அழைத்தார்கள். ரஞ்சினி ஒரு கணம் யோசித்துவிட்டுப் பந்தை வாங்கினாள். வேறொருவரின் கைக்கென்று துளைத்த பந்து. ஆனாலும் அவளுடைய விரல்கள் அளவெடுத்ததுபோல் உள்ளே இறங்கின.

முதல் எறியை வழக்கம்போல் நடுவைப் பார்த்து விட்டாள். பந்து கடைசியில் வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பி, பாதிப் பின்களை நிற்க விட்டுப் போனது. ஜெனிற்றா ஓடிவந்தாள்.

"நடுவைப் பாக்காதேங்கோ அக்கா. லேன் ஓரத்திலை இருக்கிற வலப்பக்கத்து வாய்க்காலைப் பாத்து விடுங்கோ."

"வாய்க்காலுக்கை விழுந்திட்டுதெண்டால்?"

"விழாது. விட்டிட்டுப் போற மாதிரித்தான் தெரியும். நம்புங்கோ, திரும்பி வரும்."

ரஞ்சினி அப்படியே விட்டாள். பந்து எண்ணெயில் சத்தமே இல்லாமல் வழுக்கி, வாய்க்காலின் விளிம்புவரை போனது. போச்சு என்று அவள் கண்ணை மூடப் பார்த்தாள். அந்த இடத்தில் பந்து தரையைக் கடித்தது. உறுமிக்கொண்டு உள்ளே வளைந்து பத்துப் பின்களையும் வாரி எறிந்தது.

அதன்பிறகு அவள் பயப்படவில்லை. எறிக்கு எறி வசந்தினியோடு இருந்த புள்ளி இடைவெளி குறைந்தது. கடைசிச் சுற்றில் வசந்தினி ஒரு பின்னைத் தவறவிட்டாள், ரஞ்சினி தவறவிடவில்லை. மயிரிழையில் வெற்றி. வசந்தினியே முதலில் வந்து கைகொடுத்து, கொழும்பில் நன்றாக விளையாடச் சொல்லி வாழ்த்தினாள்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்த ரஞ்சினி நேரே ஜெனிற்றாவிடம் போனாள். "உம்மடை அப்பாவுக்கு நான் நன்றி சொன்னதாய்ச் சொல்லும் பிள்ளை. நாளைக்கு அவருக்கு ரெலிபோன் கோல் எடுத்தால் மறக்காமல் சொல்லும்."

ஜெனிற்றா பந்தைப் பையில் வைத்து மூடினாள். தகப்பனும் தன்னோடு வந்திருப்பதாகவும், காலையிலிருந்து வெளியே நிற்கும் வாகனத்துக்குள் இருப்பதாகவும், உள்ளே வர அவருக்குத் துணிவில்லை என்றும் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

ரஞ்சினிக்குச் சிரிப்பு வந்தது. "எங்களைப் பாக்க அவருக்கு என்ன பயம்? நானே போய்க் கதைக்கிறன்" என்று கிண்ணத்தோடு வாசலை நோக்கி நடந்தாள்.

ஜெனிற்றா எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"போக முதல் ஒண்டு கேளுங்கோ அக்கா. அவரின்ரை பேர் செல்வத்துரை. கைக்குழந்தையாய் இருந்த உங்களையும் அம்மாவையும் கோப்பாயிலை விட்டிட்டுப் போனவர் அவர்தான்."