முப்பதடி வார்

சுயம்புலிங்கம் செய்த காரியத்தைப் பார்த்துக் கடைத்தெருவே சிரித்தது. செல்லக்கனிக்கு மட்டும் எரிச்சலாக வந்தது.

நாய்க்கு நீளக் கயிறு வாங்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி இராஜபாளையம் வந்திருந்தார் மனுஷன். சேக் முகைதீன் கடையில் ஒரு கயிற்றின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, மறுநுனியோடு சேக் முகைதீனை ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். இங்கிருந்து லேசாக ஒரு சுண்டு சுண்டினார்.

"தெரியுதா பாய்?"

"ஒண்ணும் தெரியலயே அண்ணாச்சி."

பருத்திக் கயிறு கனத்தில் தொய்ந்து தரையைத் தொட்டது. நைலான் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும் என்று சேக் முகைதீனே ஒதுக்கிவிட்டார். பொத்தானை அமுக்கினால் டப்பாவுக்குள் சுருண்டுகொள்ளும் புது மாடலில், சுண்டினது ஸ்பிரிங்கோடே நின்றுபோனது. கடைசியில் வந்தது ரப்பர் பூசின தட்டை வார். முப்பது அடி, ஆனால் கையில் கனமே இல்லை. சுண்டினதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சேக் முகைதீன் தலையாட்டினார். சுயம்புலிங்கம் அதையே எடுத்துக்கொண்டார்.

குட்டிகளுக்குக் கழுத்துப்பட்டை வாங்க வந்த செல்லக்கனி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். இராஜபாளையத்து வெள்ளை நாய்களை வளர்த்து விற்பதுதான் அவள் தொழில். சுயம்புலிங்கத்தின் நாய் தும்பையும் அவள் வீட்டில் பிறந்ததுதான். இப்போது எட்டு மாசம்.

"எங்க வீட்டுக் குட்டிக்குக் கயிறு எதுக்கு அண்ணாச்சி? பேரச் சொல்லிக் கூப்பிட்டா எங்க நின்னாலும் ஓடி வருமே" என்றாள்.

மலையடிவாரத்தில் அது ஓடியாட வேண்டும், மயிலைக் கண்டால் நிற்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் என்று அவர் மெல்ல இழுத்தார்.

செல்லக்கனிக்கு மனசு ஆறவில்லை. அவள் வீட்டு நாய் கூப்பிட்டால் வராது, கயிறு போட்டுத்தான் இழுக்க வேண்டும் என்று நாலு பேர் சொன்னால், பொறவு குட்டி கேட்டு யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பழக்கித் தாரேன் என்றாள். அவர் எவ்வளவோ மழுப்பிப் பார்த்தார். அவள் விடவில்லை.

செண்பகத்தோப்பு ரோட்டில், காட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற மாந்தோப்பில் நடந்தார்கள். விடிந்தும் விடியாத நேரம். மலையிலிருந்து பனிமஞ்சு தோப்புவரை இறங்கிக் கிடந்தது. தும்பை அதற்குள் போனால் நாய் கரைந்துபோய் வார் மட்டும் தெரியும். செத்த நேரத்தில் வேறு ஒரு மரத்தடியில் வெள்ளையாகத் திரண்டு நிற்கும். வார் ஈரப்புல்லில் சரசரவென்று இழைந்துகொண்டே போனது. எதற்கு வந்தோம் என்பதே செல்லக்கனிக்கு மறந்துவிட்டது. இத்தனை வருஷம் நாய் விற்றவள், ஒரு நாள்கூட ஒரு நாயோடு சும்மா நடந்ததில்லை.

நினைவு வந்ததும் கூப்பிட ஆரம்பித்தாள். தும்பை திரும்பவே இல்லை. சுயம்புலிங்கம் வாரை ஒரு சுண்டு சுண்டினார். நின்று அவரைப் பார்த்தது. இரண்டு சுண்டு சுண்டினார். பறந்து வந்து அவர் உள்ளங்கையில் மூக்கை வைத்தது.

கயிற்றுக்குப் பழக்கி நல்ல குட்டியைக் கெடுத்துவிட்டீர்கள் என்று திட்டினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறும் அதே கதை, அதே திட்டு.

மூன்றாவது ஞாயிறு, தும்பை ஒரு பாறைமேல் ஏறி மலையைப் பார்த்து நின்றது. அதற்குப் பின்னால் நாலடி தூரத்தில், வரப்போரத் தென்னையிலிருந்து காய்ந்த மட்டை ஒன்று தடாலென்று விழுந்தது. செல்லக்கனி பதறிப் பின்வாங்கினாள்.

தும்பையின் காது மடல்கூட அசையவில்லை.

செல்லக்கனி மெதுவாக அதன் பின்னால் போய் நின்று கையைத் தட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள். நாய் மலையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்குக் காது கேக்கல" என்றாள்.

"ஆமா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வாங்கிட்டுப் போன மூணாம் நாளே. தூங்குற குட்டி பக்கத்துல குடம் உருண்டு விழுந்துச்சு. அது முழிக்கவே இல்ல."

செல்லக்கனி பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயால் கூப்பிட முடியாததை இந்த மனுஷன் வாரால் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். செவிட்டுக் குட்டியை என் தலையில் கட்டிவிட்டாள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் தொழில் படுத்திருக்கும். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டு ஞாயிறு திட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறார். எம் பேரைக் காப்பாத்தத்தானே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

"அண்ணாச்சி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. இதத் திருப்பி வாங்கிட்டு, அன்னைக்கே நல்ல குட்டியா மாத்திக் குடுத்திருப்பேனே."

சுயம்புலிங்கம் வாரை இரண்டு சுண்டு சுண்டினார். தும்பை பாறையிலிருந்து குதித்து வந்து அவர் காலோடு ஒட்டிக்கொண்டது. அதன் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"மாத்திக் குடுப்பீங்கன்னு தெரியும் தாயி. இதுக்கு முந்தின ஈத்துல காது கேக்காமப் பொறந்தத நீங்க சாக்குல கட்டிக் கொளத்துல போடச் சொல்லிக் குடுத்துவிட்டீங்கன்னு, உங்க வேலையாள் பாண்டிதுரை எங்கிட்டச் சொல்லி அழுதான். அதனாலதான் சொல்லல."