சத்தம் போடும் எஞ்சின்

"இதைக் கொடுங்க" என்று ரெமிஜியஸ் காட்டிய எஞ்சினைப் பார்த்ததும் அவர் மனைவி பெட்டிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

டூ ஸ்ட்ரோக்! வீட்டுக் கொல்லையில் அவர் ஓட்டிப் பார்ப்பாரே, அதே ஜாதி. பெங்களூர் காக்ஸ் டவுனில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள். கேட்டருகே நின்று பேச்சு வாங்குவது பெட்டிதான்.

அதனால்தான், அவருடைய ரிமோட் விமானத்துக்குப் புது எஞ்சின் வேண்டும் என்றதும், "என் பரிசா இருக்கட்டும். ஆனா சத்தம் போடாததா வாங்கணும்" என்று அவளும் கடைக்கு வந்திருந்தாள்.

கடைக்காரர் கேசவும் அவள் பக்கம். "ஃபோர் ஸ்ட்ரோக் எடுத்துக்கோங்க சார். மேல போயிட்டா சத்தமே கேக்காது. இழுவையும் நல்லா இருக்கும்."

"வேணாம்பா. இதுவே இருக்கட்டும்."

"ஏங்க, எனக்காக ஒரு தடவை விட்டுக் கொடுத்தா என்ன?"

"இது ஒண்ணுல மட்டும் என்னை விட்டுடும்மா."

முப்பது வருஷக் குடித்தனத்தில் எதற்கும் அடம் பிடிக்காத மனுஷர்! பெட்டி பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு விடுவிடுவென்று வெளியே நடந்தாள்.

அடுத்த ஞாயிறு, விமானத்தோடு அவர் ஆட்டோவில் ஏறும்போது அவளும் ஏறிக்கொண்டாள்.

"அந்தச் சத்தத்துல அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாக்கறேன்."

ஹெண்ணூர் தாண்டி ஒரு பொட்டல் மைதானம். அங்கே மடக்கு நாற்காலியில் அனந்தபத்மநாபன் உட்கார்ந்திருந்தார். ரெமிஜியஸோடு ஒரே ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். இந்த விமானப் பைத்தியத்திலும் கூட்டாளி. சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போனபிறகு இதையெல்லாம் விட்டிருப்பார் என்றுதான் பெட்டி நினைத்திருந்தாள்.

விமானம் அலறிக்கொண்டு கிளம்பியது. பெட்டி காதைப் பொத்திக்கொண்டாள்.

அனந்தபத்மநாபனின் முகம் நிமிர்ந்தது. விமானம் போன பக்கமெல்லாம் அவர் தலையும் திரும்பியது.

"ரெமி, ரொம்ப வலது பக்கம் போறே. மூக்கு வேற இறங்குது பாரு... தூக்கு, தூக்கு!"

"தூக்கிட்டேன்டா!"

"ஆங், அப்படி!" நாற்காலியைத் தட்டிச் சிரித்தார். பிறகு பெட்டி நின்ற பக்கம் திரும்பினார்.

"போன மாசம் இங்க ஒருத்தர் ஃபோர் ஸ்ட்ரோக் பறக்க விட்டார், சிஸ்டர். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத்தான் வானத்துல ஒண்ணுமே இல்ல."

பெட்டி கணவரைப் பார்த்தாள். அவர் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது ரொம்பக் கத்துதோ? உங்களுக்குக் காது வலிக்குதா?" என்று கேட்டார் அனந்தபத்மநாபன்.

பெட்டி காதிலிருந்து கையை எடுத்தாள்.

"இல்லண்ணே. இதைவிடச் சத்தமா ஒண்ணு கிடைக்குமான்னு அந்தக் கடையில கேட்டுப் பாக்கணும்."