அவள் முன்னால் கூச்சமில்லை

ஐந்து கரண்டிகளும் களியிலேயே நின்றுவிட்டன.

ஒருவன் வாயில் இருந்ததை மெல்லாமல் ஆற்றைப் பார்த்தான். இன்னொருவன், மாட்டுக் கொம்பில் ஏதோ அதிசயத்தைக் கண்டவன் மாதிரி எழுந்து போனான். மற்றவர்கள் களிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு புல் தட்டிக்குப் பின்னால் மறைந்தார்கள்.

எதிரே சுகிர்தா சிரித்தபடி வந்துகொண்டிருந்தாள். முந்தாநாள் படகில் வந்து இறங்கிய பெண். சென்னையிலிருந்து பேராசிரியர் உதவிக்கு அனுப்பிய மாணவி.

சுகிர்தாவுக்கு முன்பே ஆராய்ச்சிக்காக இங்கே வந்திருந்த அவளோ, அந்த ஆண்களுக்கு நடுவில் அதுவரை உட்கார்ந்துதான் இருந்தாள்.

அவளுக்காக ஒருவனும் மெல்லுவதை நிறுத்தியதில்லை.

உறவில்லாத பெண்ணின் கண்முன்னால் தென் சூடானின் நூயர் இன ஆண்கள் சாப்பிட மாட்டார்கள். பசியில் உயிரே போனாலும் சரி. கூடப் பிறந்தவள் என்றால் கூச்சமில்லை. இந்த மாட்டு முகாமுக்கு வந்து அவள் முதலில் தெரிந்துகொண்டது அதைத்தான்.

ஆகவே, வந்த வாரமே அவர்கள் அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. என்னைத் தங்கையாக்கிக்கொண்டார்கள் என்று பேராசிரியருக்கு எழுதினாள். கொசுக்கடி, காய்ச்சல், கண்ணைக் கரிக்கும் சாணப் புகை எல்லாவற்றையும் அந்த ஒரு பெருமையில்தான் தாங்கினாள்.

இப்போது என்னவோ இடித்தது.

பால் கறந்துகொண்டிருந்த நியாபியேலிடம் போனாள். முகாமில் அவளுக்குக் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுபவள் அந்த ஒருத்திதான்.

"நான் இவங்கள்ல யாருக்குத் தங்கச்சி?"

நியாபியேல் சிரித்த சிரிப்பில் பசு மிரண்டது.

"தங்கச்சியா? உன் கூடாரத்து முன்னாடியுந்தான் உக்காந்து சாப்பிடறாங்க. அதுவும் தங்கச்சியா? வந்திருக்கே, அந்தப் புதுப் பொண்ணு, அது வேற. நாளைக்கே யாராவது மாடு ஓட்டிட்டு வந்து பொண்ணு கேப்பான்."

சொன்னதில் துளிகூட விஷமம் இல்லை. அதுதான் வலித்தது.

அவளுக்கு வயிறு எரிந்தது. படித்த படிப்புக்கு இப்படியா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எரிந்தது. முந்தாநாள் வந்தவள். மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவளைப் பார்த்து ஒரு முகாமே கூசுகிறது!

சாயங்காலம் சுகிர்தா கூடாரத்தில் முகம் வீங்க உட்கார்ந்திருந்தாள்.

"என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிறாங்க அக்கா. சாப்பாட்டைக்கூட மறைக்கிறாங்க. உங்ககிட்ட மட்டும் எவ்வளவு ஒட்டுதலா இருக்காங்க! எனக்குப் பொறாமையா இருக்கு."

அவள் எழுந்து கொசுவலையை இறக்கினாள்.

"நாளைக்குப் படகு வருதாமே. நான் ஊருக்கே போயிடட்டுமா?"

அது மரியாதைடி, பைத்தியமே. அவ்வளவு சொன்னால் போதும். தொண்டை வரை வந்துவிட்டது.

இந்தப் படகை விட்டால் மழைக்காலம் முடிகிறவரை வேறு படகு கிடையாது.

"அவங்க மனசுக்குப் பிடிக்கலைன்னா நாம என்ன பண்ண முடியும், சுகிர்தா?"

சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை இழுத்தாள்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு துணியாக, கசங்காமல் மடித்துக் கொடுத்தாள்.