அலிபை கிடையாது

“அலிபை கிடையாது,” என்றான் நாரிஸ்.

மைதானமே திரும்பிப் பார்த்தது. துப்பாக்கியோடு பாயில் உட்கார்ந்திருந்தவள் வேறு யாருமில்லை, அவனுடைய மனைவி டார்லா.

பந்தயத்தின் நடுவே துப்பாக்கி மக்கர் செய்தால், சுடுகிறவர் கையை உயர்த்த வேண்டும். நடுவர் வந்து பார்ப்பார். தப்பு துப்பாக்கியுடையது என்றால் ‘அலிபை’ கொடுப்பார். பத்துக் குண்டையும் திரும்பச் சுடலாம். சுட்டவருடைய தப்பு என்றால் போனது போனதுதான். அன்றைக்கு நடுவர் நாரிஸ்.

டார்லாவுக்குப் போனது நாலு குண்டு. மோன்டானா மாநில அணியில் மிச்சமிருந்த ஒரே இடமும் அதோடு போயிற்று. அந்த நிமிடம் வரை அவள்தான் முன்னால் இருந்தாள்.

இரண்டாவதாக இருந்த மார்லிஸுக்கு அந்த இடம் தானாக வந்து விழுந்தது. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டார்லாவும் அவளும் ஒரே பள்ளியில் பேருந்து ஓட்டுகிறவர்கள். அந்தத் துப்பாக்கி பட்ட பாடும் பாடுபடுத்தியதும் அவளுக்கு அத்துபடி.

ஏப்ரலில் வாங்கிய புது செமி ஆட்டோமேடிக். விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டு, அடுத்ததை அதுவே ஏற்றிக்கொள்ளும். ஏற்றிக்கொள்ள வேண்டும். முதல் நாள் மூன்றாவது குண்டிலேயே அடம்பிடித்து நின்றுவிட்டது.

“திருப்பிக் குடுத்துடும்மா. இல்லன்னா வேலியில கம்பு ஒண்ணு குறையுது, அங்க நட்டுக்கோ,” என்றார் பக்கத்துப் பண்ணைக்காரர் கிளெட்டஸ்.

“புதுச் செருப்பு கடிக்காதா? பழகட்டும்,” என்றாள் டார்லா.

சமையல் மேசையில் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். தளர்ந்திருந்த இரண்டு திருகுகளை இறுக்கினாள். குண்டுகளை அடுக்கிச் செருகும் மேகசின் வாய் கோணியிருந்தது, அதை மாற்றினாள். புதிதாக இருக்கும்வரை உள்ளே எண்ணெய் தாராளமாக இருக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, குளிப்பாட்டாத குறையாக எண்ணெய் விட்டாள். ஜூலையில் முந்நூறு குண்டு சுட்டாள், ஒன்றுகூடச் சிக்கவில்லை. கிளெட்டஸ் அதற்கப்புறம் வேலியைப் பற்றிப் பேசவில்லை.

அப்பேர்ப்பட்ட துப்பாக்கி இன்று ஏழாவது குண்டில் நின்றது. நாரிஸ் வந்து குனிந்து பார்த்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ கிசுகிசுத்தார்கள். அவ்வளவுதான், தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

மத்தியானச் சாப்பாட்டு வரிசையில், சில்லி என்கிற காரமான கறிக்குழம்பும் பட்டைத்தூள் போட்ட பன்னும் வாங்க நின்றவர்கள் வாய்க்கு அவனே கிடைத்தான்.

“மூணு வருஷமா அந்த டீமுக்கு முட்டி மோதிப் பார்த்தான். பொண்டாட்டி போனா பொறுக்குமா?”

“இன்னைக்குப் பிக்கப் வண்டியிலதான் படுக்கணும், வீட்டுக்குள்ள விடமாட்டா.”

எல்லாம் நாரிஸின் காதில் விழுந்தது. அவன் பாட்டுக்குப் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். மார்லிஸ் தட்டை அப்படியே வைத்துவிட்டு அவனிடம் போனாள்.

“என் பேரை அடிச்சுடு. எனக்கு அந்த இடம் வேணாம்.”

“ஏன்?”

“பொறாமை புடிச்ச புருஷன் புடுங்கிக் குடுத்த இடம் எனக்கு எதுக்கு? ஜூலையில அந்தத் துப்பாக்கியால நானும் சுட்டேன், சிக்கவே இல்ல. அவ மேல என்னய்யா தப்பு?”

நாரிஸ் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “யார்கிட்டயும் சொல்லாதே. உள்ள ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. சுத்தமா காஞ்சு கிடந்துது.”

“டார்லாவா? எண்ணெய் விட மறந்தாளா?”

“மறக்கல. காலையில அவளே துடைச்சிட்டா. கிளப் பேர் தைச்ச புது ஜாக்கெட்டு. பத்திரிகைக்காரன் போட்டோ எடுக்க வரான், கறை படக்கூடாதுன்னு மூலை முடுக்கெல்லாம் துடைச்சிருக்கா.”

மார்லிஸுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

“அதை அங்கயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஊரே உன்னைக் கிழிக்குது.”

“சொன்னா கிறிஸ்துமஸ் வரைக்கும் ‘ஜாக்கெட் டார்லா’ன்னு கூப்பிடுவானுங்க. என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறானுங்க, எனக்கு உறைக்காது.”

மார்லிஸின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இவனைக் காட்ட வேண்டும் போல இருந்தது.

“மன்னிச்சுக்கோ நாரிஸ். சொந்தப் பொண்டாட்டின்னும் பார்க்காம நியாயத்தைப் பார்த்தியே. நீ பெரிய மனுஷன்யா.”

நாரிஸின் காது மடல் சிவந்தது. தூரத்தில் டார்லா, கிளெட்டஸோடு சேர்ந்து இலக்கு அட்டைகளைக் கழற்றியபடி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்த அவன் முகத்தில் அப்படியொரு பெருமை.

“நானா? அலிபை குடுத்துடலாம், யாருக்குத் தெரியப் போகுதுன்னு வாயைத் திறந்தவனே நான்தான். ‘எனக்குத் தெரியுமே, வாயை மூடு’ன்னுட்டா என் பொண்டாட்டி.”