ஒன்பதாவது வரிசை

கணினி சர்வர் கூடத்தின் ஒன்பதாவது வரிசை எப்போதும் தாமதமாகவே வேலையை முடித்தது. அந்த வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா இரண்டு முறை வந்து சொல்லிவிட்டாள். "சார், அதெல்லாம் ஏழு வருஷத்துப் பழைய மெஷின். புதுசுக்குக் குடுக்கிற லோடையே அதுக்கும் குடுக்குறீங்க." பொறியாளர் திருமாறன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லாத்துக்கும் சமமாத்தான் பிரிச்சிருக்கு. சாக்கு சொல்லாதீங்க" என்றான். அவளுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று அறிக்கையும் எழுதினான். அவளை வாசல் வரவேற்பு மேசைக்கு மாற்றினார்கள்.

அவள் இடத்துக்கு வேறொருவர் வந்தும் தாமதம் குறையவில்லை. வேறு வழியின்றித் திருமாறன் ஒவ்வொரு இயந்திரத்தின் வேகத்தையும் அளந்தான். ஒன்பதாவது வரிசைக்குப் பாதி பலம்தான் இருந்தது. அதனதன் பலத்துக்கேற்ப வேலையைப் பிரித்துக் கொடுத்ததும் ஒரே வாரத்தில் மொத்தக் கூடமும் வேகம் பிடித்தது.

கூட்டத்தில் மேலாளர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். "எப்படிப்பா தோணிச்சு?"

"சும்மா அளந்து பார்த்தேன் சார்" என்று சிரித்தான்.

மாலையில் திருமாறன் வாசலைக் கடந்தபோது ஜெசிந்தா எழுந்து நின்றாள். "சரியாயிடுச்சாமே சார்? ரொம்ப சந்தோஷம். பாவம், அதுங்களால முடியல." குரலில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பான். அவன் முகம் எரிந்தது. திரும்பி மாடியேறி மேலாளரின் கதவைத் திறந்தான்.

"சார், அது எனக்குத் தோணினது இல்ல. ஜெசிந்தா சொன்னது. அவங்க மேல நான் எழுதினது தப்பு."

மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். "இதைக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே?"