போர் முடியும் சத்தம்

“இது போர் முடிஞ்ச சத்தம் இல்லை மேடம். பள்ளிக்கூடம் விட்ட சத்தம்,” என்றார் இயக்குநர்.

“மணி வேண்டாம்னா எடுத்துடறேன் சார்,” என்றாள் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவள்.

“மணியை எடுத்தா மிச்சம் என்ன இருக்கு?”

“புறா.”

“புறாவா அது? யாரோ குடையை விரிக்கிறாங்கன்னு நினைச்சேன்.”

“குடைதான். இந்த நாடகத்துல பறந்ததெல்லாம் என் குடைதான். நாலு வருஷமா அதை விண்கலம்னு நம்பினது நீங்கதான்.”

இயக்குநர் தலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கோள்களுக்கு நடுவே முந்நூறு ஆண்டுப் போர்; வாரம் ஒன்றாக நான்கு வருடம் ஓடிய வானொலி நாடகம். இன்றைக்குக் கடைசிப் பகுதி. வசனமெல்லாம் பதிவாகிவிட்டது. சண்டை எதற்காக ஆரம்பித்தது என்பதே இரண்டு தளபதிகளுக்கும் மறந்துபோய், ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இருபது நொடிக்குப் பேச்சே கிடையாது. போர் ஓய்ந்துவிட்டது என்பதைச் சத்தம்தான் சொல்ல வேண்டும். அந்த இருபது நொடி சரியில்லை என்றால் நான்கு வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளி. ஆறு மணிக்குள் நிலையத்துக்கு அனுப்பியாக வேண்டும். இப்போது மணி இரண்டு.

“பேசாம ஒரு குழந்தையைச் சிரிக்க விட்டு முடிங்கப்பா,” என்றார் சிவப்புக் கோளின் தளபதியாக நடித்தவர். குரல்தான் இடி, ஆளை ஊதினால் பறந்துவிடுவார். சோபாவில் இயக்குநர் மடித்து வைத்திருந்த போர்வையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

“வானொலியில எல்லாப் போரும் அப்படித்தான் முடியுது.”

“மழை?” என்றாள் அவள்.

“உங்க மழை எண்ணெய்ச் சட்டியில பொரியுற சத்தம். அதைக் கேட்டா எனக்குப் பசிதான் வருது, சமாதானம் வரலை.”

அவளை எல்லோரும் சத்தக்காரி என்றுதான் சொல்வார்கள். நிஜத்தை மைக்குக்கு முன்னால் கொண்டுவந்தால் பொய்யாகக் கேட்கும் என்பது அவள் கட்சி. எலும்பு முறிய வேண்டுமா, ஒரு காரட் போதும். ஆயிரம் வீரர்கள் அணிவகுத்துப் போக ஒரு தட்டு உப்பும் அவளுடைய இரண்டு கட்டைவிரல்களும் போதும்.

“முந்நூறு வருஷப் பகை தீர்ந்துபோச்சு,” என்றார் தளபதி. “இந்த அறையில மட்டும் நாலு மாசமா ‘சார்’, ‘மேடம்’. கேட்டுக் கேட்டு எனக்குச் சளி பிடிச்சுடும் போல இருக்கு.”

“உங்க வேலை முடிஞ்சுதே தளபதி, கிளம்பலையா?” என்றார் இயக்குநர்.

“பிஸ்கட் முடியலையே.”

இயக்குநர் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். “போர்னா என்ன? வெளியே போனவன் திரும்பி வரலை. அவ்வளவுதானே? அப்போ அது முடியறதுன்னா...”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பழைய பதிவுகளைத் துழாவினாள்.

“ஒண்ணு இருக்கு,” என்றாள் அவள். “கெட்டுப்போன பதிவு. தூக்கிப் போட மனசு வரலை. போடறேன், திட்டக் கூடாது.”

தண்ணீர் கொட்டும் சத்தத்தோடு அது தொடங்கியது. அதற்குள்ளிருந்து மாடிப்படியில் ஏறிவரும் காலடிகள். ஒரு கால் அழுத்தமாக, மற்றது லேசாக இழுத்துக்கொண்டு. சாவிக்கொத்து குலுங்கியது. சாவி இரண்டு முறை துவாரத்தைத் தவறவிட்டு, மூன்றாவது முறை நுழைந்தது. கதவு திறந்தது. ஒரு பை தரையில் சரிந்தது. ஒரு ஷூ விழுந்தது. அதைக் கழற்றியவன் உட்கார்ந்தபடியே எதையோ யோசித்திருக்க வேண்டும். வெகுநேரம் கழித்துத்தான் இன்னொன்று விழுந்தது. பிறகு ஒரு பெருமூச்சு.

உடனே, உள்ளே எங்கோ கொட்டிக்கொண்டிருந்த குழாயை யாரோ நிறுத்தினார்கள்.

அப்புறம் ஒன்றுமில்லை. அப்படியொரு அமைதி. தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்ததும் பதிவு அறுந்தது.

தளபதியின் பிஸ்கட் டீக்குள் கரைந்துபோயிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“இதுதான்,” என்றார் இயக்குநர். “இதேதான். அவன் வந்துட்டான். வந்தது உள்ளே இருக்கிறவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. எதை வச்சுப் பண்ணினீங்க? உப்பா, காரட்டா?”

“எதையும் வச்சுப் பண்ணலை. நிஜம்.”

“நிஜமா? நீங்களா?” அவர் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். “யாரு அந்த நடிகர்? அந்தக் கால், அந்த மூச்சு, அச்சு அசல் போர்க்களத்துலேர்ந்து வந்தவன். சொல்லுங்க, அவர் பேரையும் போடணும்.”

தளபதி எழுந்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். சோபாவில் இருந்த போர்வையை எடுத்து, ஏற்கெனவே மடித்திருந்ததை மறுபடியும் மடித்தாள்.

“போன வருஷம் நம்ம நாடகத்துல வந்த நீர்க்கோள் அருவிக்காக வீட்டுல குழாயைத் திறந்துவிட்டுப் பதிவு பண்ணிட்டிருந்தேன். நடுவுல வந்து கெடுத்தது நீங்க. குழாயை நிறுத்தினது நான்.”

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

“அந்த லாரி ஹாரனோட இதை அனுப்ப முடியாது. சுத்தமா இன்னொரு தடவை எடுக்கணும்,” என்றாள் அவள், போர்வையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி. “என்னங்க, சாவி உங்ககிட்டதானே இருக்கு? நான் முன்னால போய்க் குழாயைத் திறந்து வைக்கிறேன். நீங்க பின்னாலயே வர்றீங்களா?”